அதிரச டப்பா

தோ பாயோ
சிங்கப்பூர்
9 ஜூலை 2025

சம்பந்தி மருதப்பன் அவர்களுக்கு,

விசாலாட்சி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்து உங்கள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கியது தப்பு. பிடுங்காமல் விட்டிருந்தால் அது இன்னும் பெரிய தப்பு. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போனில் பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். குடும்ப வாட்ஸ்ஆப்பில் எழுதினால் உங்கள் மகள் கவிப்ரியா படித்துவிட்டு அழுவாள். அதனால்தான் காகிதம். பிரேம் உட்லண்ட்ஸ் வேலைக்குப் போகிற வழியில் கிராஞ்சியில் இறங்கி உங்கள் சமையற்கூட வாசலில் கொடுத்துவிடுவான். என் பிள்ளை, பிரித்துப் படிக்க மாட்டான்.

விஷயம் இதுதான். இருபத்தாறாம் வாரத்தில் ஆஸ்பத்திரியில் சீனித் தண்ணீர் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கவிப்ரியாவுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் 5.5க்குள், ஊர்க் கணக்கில் நூறுக்குள், இருக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 6.6க்குள், அதாவது நூற்றிருபதுக்குள், இருக்க வேண்டும். அவளுக்கு 8, 9 என்று போகிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் நாற்பது அதிரசத்தோடு வந்து நிற்கிறீர்கள். நான் என்ன செய்வேன்?

பிரேமின் அப்பாவுக்கு இருபது வருஷம் சர்க்கரை. கடைசியில் ஒரு காலை எடுத்தார்கள், பிறகு அவரே போய்விட்டார். உங்களுக்கும் தெரிந்ததுதான். இந்த வீட்டில் இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது. அதனால் பிள்ளை பிறக்கும் வரை நீங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதிரசத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதால் உள்ளே ஐந்து எலுமிச்சம்பழம்.

விசாலாட்சி


கிராஞ்சி
14 ஜூலை 2025

சம்பந்தியம்மாவுக்கு மருதப்பன் வணக்கம்.

எலுமிச்சம்பழம் வந்தது. நல்ல சாறு. ஊறுகாய் போட்டுவிட்டேன். அது டப்பாவில் இத்துடன் வருகிறது. இதில் வெல்லம் போடவில்லை, பயப்படாமல் திறக்கலாம்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். தினமும் தொள்ளாயிரம் பேருக்குச் சமைக்கிறவன் நான். தொழிலாளர் விடுதியில் இருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால், "மாஸ்டர், இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?" என்று சுற்றிக்கொள்கிறார்கள். பெற்ற மகள் வீட்டு வாசலில், லிஃப்டுக்குக் காத்திருந்த நாலு பேர் பார்க்க, என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினார்கள். நான் சட்டையெல்லாம் மாற்றி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தேன், சம்பந்தியம்மா.

அவள்தான் கேட்டாள். "அப்பா, அதிரசம் வேணும் போல இருக்குப்பா" என்று போனில் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தாய் இல்லாத பெண். அவளுக்கு ஐந்து வயதிலிருந்து சோறு ஊட்டியவன் நான். இப்போது குரலே மெலிந்துபோய் இருக்கிறது. அவளுக்கு என்னதான் சாப்பிடக் கொடுக்கிறீர்கள்? அதையாவது எழுதுங்கள்.

மருதப்பன்


தோ பாயோ
23 ஜூலை 2025

சம்பந்தி,

ஊறுகாய் நன்றாக இருந்தது. உப்பு ஜாஸ்தி.

என்ன கொடுக்கிறேன் என்று கேட்டீர்கள் அல்லவா, கேளுங்கள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி ஒரு பெரிய டம்ளர், கூடவே ஆரஞ்சை நானே பிழிந்து சாறு. தேக்கா சந்தையில் நானே கேழ்வரகு வாங்கி, வறுத்து, நைசாக அரைத்து வைத்திருக்கிறேன். மத்தியானத்துக்கு நான்கு சப்பாத்தி. அதை டிபனில் கட்டிக்கொண்டுதான் தஞ்சோங் பகார் ஆபீசுக்குப் போகிறாள். இரவில் ஓட்ஸ். சோற்றைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. சீனி டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். நானும் அவளோடு சேர்ந்து கோப்பி ஓ கோசோங் குடிக்கிறேன், பாலும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் கசப்பு.

இவ்வளவு செய்தும் எண் இறங்க மாட்டேன் என்கிறது. நேற்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 9.1. மத்தியானம் 8.8. உணவு ஆலோசகர் கதீஜா, "ரெண்டு வாரம் பார்ப்போம் அண்ட்டி, இல்லன்னா இன்சுலின் தொடங்கலாம்" என்றாள். அது ஒன்றும் தண்டனை இல்லை லா என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேமின் அப்பாவுக்கு ஊசி போட்டுப் போட்டு என் கை பழகியது. அந்தக் கையால் இந்தப் பெண்ணுக்கும் போட வேண்டுமா?

நேராகவே கேட்கிறேன். ஆபீஸ் பக்கம் வந்து அவளுக்கு ஏதாவது கொடுக்கிறீர்களா? நான் இங்கே கட்டுப்பாடாக வைத்திருக்கும்போது வேறு எங்கிருந்து ஏறும்?

டப்பாவில் முருங்கைக்கீரை. கீழ் வீட்டுக்காரர் கொடுத்தது.

விசாலாட்சி


கிராஞ்சி
27 ஜூலை 2025

சம்பந்தியம்மா,

ஒரு தடவை கொடுத்தேன். மறைக்க மாட்டேன். பதினைந்தாம் தேதி தஞ்சோங் பகார் ரயில் நிலைய வாசலில் காத்திருந்து இரண்டு மைசூர்பாகு கொடுத்தேன். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "அத்தை பாவம்ப்பா, எனக்காக அவங்களும் கசப்பு காப்பி குடிக்கிறாங்க. நான் எப்படிச் சாப்பிடுறது?" என்றாள். என் கண் முன்னாலேயே கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அதோடு சரி. என் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அப்படியானால் ஏறுவது உங்கள் அடுப்பிலிருந்துதான். சண்டைக்கு எழுதவில்லை, சமையல்காரனாக எழுதுகிறேன். இங்கே காலையில் கஞ்சி குடித்துவிட்டு லாரியில் ஏறுகிற பிள்ளைகள் பத்து மணிக்கெல்லாம் பசி என்கிறார்கள். அதே மாவை அடையாகத் தட்டிக் கொடுத்த அன்று மத்தியானம் வரை கேட்பதில்லை. நைசாக அரைத்து, குழைய வேகவைத்து, தண்ணீராகக் குடித்தால் வயிற்றுக்கு என்ன வேலை மிச்சம்? எல்லாம் நேராக ரத்தத்துக்குப் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டருக்குத்தான் தெரியும்.

அண்டாச் சாம்பாரில் ருசி தப்பினால் நான் புளி, உப்பு, காரம் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கை வைக்க மாட்டேன். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவேன். மாற்றி, ருசி பார்த்து, பிறகு அடுத்தது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சாப்பாட்டில் ஒரு பொருள். எண்ணை எழுதி வையுங்கள். கதீஜாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய கீரையில் பாதியை வதக்கினேன். மீதியை உருவி அனுப்பியிருக்கிறேன். அடையில் போடுங்கள்.

மருதப்பன்


தோ பாயோ
5 ஆகஸ்ட் 2025

சம்பந்தி,

ஒரு கடிதத்துக்கு இவ்வளவு யோசித்து நான் உட்கார்ந்ததில்லை. முதலில் கணக்கைச் சொல்கிறேன்.

கதீஜாவிடம் கேட்டேன். "சூப்பர் ஐடியா லா அண்ட்டி, யாரு சொன்னது?" என்றாள். சம்பந்தி என்றேன்.

முதல் நாள் எதையும் மாற்றாமல் கஞ்சியும் சாறும் கொடுத்தேன். 9.1. மறுநாள் சாற்றை மட்டும் நிறுத்தி, ஒரு ஆரஞ்சைச் சுளை சுளையாகக் கொடுத்தேன். 8.3. அதற்கு அடுத்த நாள் கஞ்சிக்குப் பதில் அதே கேழ்வரகு மாவில், உங்கள் கீரை போட்டு, இரண்டு அடை, கூட ஒரு அவித்த முட்டை. 6.5! நான் சர்க்கரை பார்க்கிற இயந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து என் விரலைக் குத்திப் பார்த்தேன்.

சப்பாத்தி நான்கு, குருமாவோடு 8.8. இரண்டாகக் குறைத்து, பருப்பும் பயற்றங்காயும் நிறைய வைத்தால் 6.4. ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடையில் பிரேம் அவளுக்கு ஐஸ் மைலோ, அந்தச் சாக்லேட் பானம், வாங்கிவிட்டான். "மா, மைலோ ஹெல்தி லா" என்றான். அவள் பாதிதான் குடித்தாள், 8.9. கடைசியாகச் சோறு. அளந்துதான் போட்டேன். முதலில் ஒரு கிண்ணம் காய், பிறகு ஒரு சின்னக் கிண்ணம் சோறு, மீன் குழம்பு. சாப்பிட்டதும் பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருவரும் இருபது நிமிஷம் நடந்தோம். 6.3. கவி ஒரு மாதமாகச் சோறு பார்க்காதவள், ஒவ்வொரு பருக்கையாக எடுத்துச் சாப்பிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை.

ஒருவருக்கு ஏறுவது இன்னொருவருக்கு அப்படியே ஏறாதாம். அவரவர் உடம்பை அவரவர் விரலில்தான் பார்க்க வேண்டும் என்கிறாள் கதீஜா.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். தப்பு என் கஞ்சிதான். உங்களைத் திருடன் மாதிரி கேட்டுவிட்டேன். மன்னியுங்கள்.

இன்னொன்று. அதே கஞ்சியைத்தான், அதே டம்ளரில், பிரேமின் அப்பாவுக்குப் பதினோரு வருஷம் காலையில் கொடுத்தேன். ஒரு நாள் தவறாமல். "விசா, ஒரே ஒரு தோசை போடேன்" என்று கெஞ்சுவார். நான் போட மாட்டேன். கதீஜாவிடம் கேட்டேன். அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது அண்ட்டி, இருபது வருஷ வியாதிக்கு ஒரு டம்ளர் காரணமாகாது என்றாள். இருக்கலாம். ஆனால் ஒரு தோசையாவது போட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தமிழ்ப் பிரசுரம் ஒன்றை டப்பாவில் வைத்திருக்கிறேன். நீங்களும் படித்து வையுங்கள்.

விசாலாட்சி


கிராஞ்சி
9 ஆகஸ்ட் 2025

சம்பந்தியம்மா,

தேசிய தினம் என்று இங்கே விடுமுறை. எல்லாரும் ஊர் சுற்றப் போய்விட்டார்கள். நான் பிரசுரத்தைப் படித்தேன். ஆறு தடவை படித்தேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. தாய்க்குச் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடலாம், பிரசவம் ஆபத்தாகலாம் என்று.

கவிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அது கவிக்கே தெரியாது. கவியின் அம்மா சரஸ்வதி மாசமாக இருந்தபோது நான் மன்னார்குடியில் கல்யாணச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவளுக்கு ஜாங்கிரியோ பாதுஷாவோ கட்டிக்கொண்டு வருவேன். அவள் வேண்டாம் என்றாலும் ஊட்டுவேன். வயிறு பெரிதாக இருந்தது. எல்லாரும் கொழுகொழு என்று ராஜா பிறக்கப்போகிறான் என்றார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆயாம்மா ஓடிவந்து, "நாலரை கிலோ! ஆம்பளப் பிள்ளை!" என்று கத்தினாள். அந்த நிமிஷமே வெளியே போய் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன், சம்பந்தியம்மா. உள்ளே அவன் தோள் மாட்டிக்கொண்டு, மூச்சுத் திணறிப் பிறந்தது எனக்குத் தெரியாது. மிட்டாய் தீருவதற்குள் பிள்ளை போய்விட்டான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. விதி என்றார்கள். சரஸ்வதிக்கு யாரும் ரத்தம் பார்க்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் கழித்து ஒரு பிரசுரத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

நீங்கள் டப்பாவைப் பிடுங்கியது சரிதான். இனிமேல் நான் எதையும் அனுப்ப மாட்டேன். இந்த டப்பாவில் உப்பு மட்டும் வைத்திருக்கிறேன்.

மருதப்பன்


தோ பாயோ
13 ஆகஸ்ட் 2025

சம்பந்தி,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அழுதேன். சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

உங்களுக்கு ஜாங்கிரி, எனக்குக் கஞ்சி. இரண்டு பேரும் ஆசையோடுதான் கொடுத்தோம். உங்கள் பிள்ளை விஷயத்திலும் சர்க்கரைதான் காரணமா என்று இன்றைக்கு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும், ரத்தம் பார்க்காதது உங்கள் குற்றம் இல்லை. கதீஜா எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. உங்களுக்கு எழுதும்போது கொஞ்சம் நம்புகிறேன்.

கவியிடம் இதைச் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

சாப்பாட்டு எண் எல்லாம் இறங்கிவிட்டது. காலை வெறும் வயிற்று எண் மட்டும் அடம்பிடிக்கிறது. என்ன சாப்பிட்டாலும் அது அசைவதாக இல்லை. அதனால் படுக்கப் போகுமுன் ஒரு சின்ன அளவு இன்சுலின். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளே வாங்கி, வயிற்றில் போட்டுக்கொண்டு, "அத்தை, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்றாள். ஸ்கேனில் குழந்தை சரியான அளவில் இருக்கிறதாம்.

இப்போது கட்டளை. முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அஞ்சு வகைச் சாதம் கட்டிக்கொண்டு வர வேண்டியது பெண்ணைப் பெற்றவர்கள் கடமை. அதைக் கேட்டரிங்கில் வாங்க நான் விட மாட்டேன். காலை ஏழு மணிக்கு என் சமையலறையில் இருங்கள். வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று தடை போட்டவள் நான்தான். நானே எடுத்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய உப்பைக் கொட்டவில்லை. டப்பாவில் புளி வைத்திருக்கிறேன். புளியோதரைக்கு ஊறப்போட்டுக் கொண்டுவாருங்கள்.

விசாலாட்சி


கிராஞ்சி
2 செப்டம்பர் 2025

சம்பந்தியம்மா,

நாற்பது வருஷமாகச் சமைக்கிறேன். ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அஞ்சு வகைச் சாதம் வைத்தது இதுதான் முதல் தடவை. வகைக்கு ஒரு கரண்டி, சுற்றிலும் காய், ஓரத்தில் சுண்டல். சர்க்கரைப் பொங்கல் மட்டும் ஒரு விரல் நுனி. இரண்டு மணி நேரம் கழித்து எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டு அந்தச் சின்ன இயந்திரத்தைச் சுற்றி நின்றோமே, 6.5 என்று வந்ததும் உங்கள் தோழிகள் கைதட்டினார்களே, என் சமையலுக்கு அப்படி யாரும் தட்டியதில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். வளையல் போட எல்லாரும் போனார்கள், நீங்கள் மட்டும் பிரேமின் அப்பா இல்லை என்பதால் கதவோரம் நின்றீர்கள். கவி கையை நீட்டியபடியே இருந்தாள். "அத்தை வந்து போட்டாத்தான் நான் எழுந்திருப்பேன்" என்றாள். அவளை நான்தான் வளர்த்தேன் என்று அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அன்று மாலையே அவளிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். பிறந்ததும் பிரேம் போன் செய்து, இரண்டு பேரும் நலம் என்று மட்டும் சொல்லட்டும். எடையைச் சொல்ல வேண்டாம். அன்றைக்குத் தாழ்வாரத்தில் எடையைக் காதால் கேட்டுத்தான் மிட்டாய் கொடுத்தேன். இன்னொரு தடவை அதைக் காதால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் உங்கள் கையால் எழுதி, டப்பாவில் வைத்து அனுப்புங்கள். அதைப் படித்த பிறகுதான் நான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்.

டப்பாவில் சுண்டல்.

மருதப்பன்


தோ பாயோ
8 அக்டோபர் 2025

சம்பந்தி,

பெண் குழந்தை. நேற்று மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷம்.

மூன்று கிலோ நூற்றிருபது கிராம்.

பிறந்ததும் அதன் குட்டிக் குதிகாலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை சரியாக இருக்கிறது. வீரிட்டு அழுதது, ஏழாவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும். தோள் எங்கேயும் மாட்டவில்லை. நான் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

டப்பாவில் நான்கு அதிரசம். மாவைப் போன வாரமே புளிக்க வைத்துவிட்டேன், பாகு பதம் தப்பிவிட்டது, கல் மாதிரி இருக்கும். இரண்டு மட்டும் நீங்கள் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு நடங்கள். உங்கள் வயதுக்கு நீங்களும் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் வாருங்கள். கவி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விசாலாட்சி


கிராஞ்சி
9 அக்டோபர் 2025

சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தைச் சமையற்கூடத்தில் பிரித்தேன். படித்தேன். அரிசி நிறுக்கிற தராசுக்குப் போனேன். சுத்தமான துண்டு ஒன்றை விரித்து அதில் அரிசி போட்டேன். மூன்று கிலோ நூற்றிருபது வந்ததும் நிறுத்தி, துண்டைச் சுற்றி முடிந்து, இரண்டு கையிலும் தூக்கினேன். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "என்ன மாஸ்டர்?" என்றார்கள். பேத்தி என்றேன்.

அம்பது கிலோ மூட்டையை முதுகில் தூக்கிய உடம்பு இது. இதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவனை நான் ஒரே ஒரு தடவைதான் தூக்கினேன். அந்தக் கனம் இத்தனை வருஷமாக என் கையில் இருந்தது. இது கனமே இல்லை, சம்பந்தியம்மா. இவ்வளவு இருந்தால் போதும்.

அந்த அரிசியை மூட்டையில் திருப்பிக் கொட்ட மனம் வரவில்லை. மத்தியானம் வடித்துச் சமையற்கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் போட்டேன். வடிக்கும் முன் ஒரு பிடி மட்டும் எடுத்துக் காய்ந்த வேப்பிலை போட்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அவளுக்கு முதல் சோறு ஊட்டும்போது அதை வடியுங்கள். நீங்கள் ஊட்டுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அதிரசம் கல் இல்லை, பாறை. இரண்டையும் தின்றுவிட்டு நடந்தேன். கடிதத்தைப் பிரேமிடம் கொடுக்கவில்லை. டப்பாவை நானே கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன், நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

மருதப்பன்